கேமராவுக்குச் சந்தனப் பொட்டு

உங்கள் வீட்டில் ஆயுத பூஜை எப்படி? மயிலாப்பூரில் என் அக்கா வீட்டில் ஏக அமர்க்களம். ஒரு கேமராவே மூச்சுத் திணறிப் போய்விட்டது!

கேமரா அக்கா கணவருடையது. ரோல் ஃபிலிம் போட்டு, மேலிருந்து குனிந்து பார்த்து எடுக்கிற ஜெர்மன் சமாசாரம். ரோலுக்குப் பன்னிரண்டு படம் விழும். அத்திம்பேர் கை அலம்பாமல் அதைத் தொட மாட்டார். அக்காவைத் தொடவே விட மாட்டார்.

பூஜையன்று ஃபிலிம் போட்டுத் தயாராக வைத்து, புத்தகங்களோடு அடுக்கி, தாராளமாகச் சந்தனம் அப்பினார். முதுகில் ஒன்று, பக்கத்துத் திருகில் ஒன்று. முதுகில் ஒரு குட்டி சிவப்பு ஜன்னல் உண்டு... எத்தனையாவது படம் என்கிற நம்பர் அதில்தான் தெரியும். திருகைச் சுற்றினால்தான் ஃபிலிம் நகரும். இரண்டும் சந்தனத்துக்குள் சமாதி.

மறுநாள் விஜயதசமி. என் தங்கை லலிதாவின் பிள்ளை பாலுவுக்கு அக்ஷராப்யாசம். அவன் அப்பாவுக்குக் கப்பலில் வேலை; பிள்ளையைப் பார்த்தே ஒன்றரை வருஷம் ஆகிறது. முதல் எழுத்து எழுதுகிற படமாவது அவருக்குப் போய்ச் சேர வேண்டும் — லலிதாவின் ஆசை அவ்வளவுதான்.

பாலுவை என் மடியில் வைத்து, தட்டில் பரப்பிய அரிசியில் எழுத வைத்தேன். அத்திம்பேர் கிளிக் செய்தார். திருகினார். திருகு இறுகியது. இறுகினால் அடுத்த படம் வந்துவிட்டது என்று அர்த்தமாம்! நம்பரைப் பார்த்துவிடலாமே என்றேன். ஸ்வாமிக்கு வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது, அது தானாக உதிர வேண்டும் என்றார்.

பன்னிரண்டு கிளிக் ஆயிற்று. ஃபிலிம் முடியவில்லை. பதின்மூன்று... பதினாலு...

உடனே மகாசபை கூடியது. மாடி வீட்டு இன்ஜினீயர், கடற்காற்றில் பல்சக்கரம் துருப்பிடித்திருக்கும் என்றார். அத்திம்பேர் ஃபிலிம் கம்பெனியைத் திட்டினார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அக்கா கற்பூரம் தேடினாள். கடைசியில், திறந்தே பார்த்துவிடலாம் என்று அத்திம்பேர் கேமராவின் தாழ்ப்பாளில் கை வைத்தார். திறந்தால் வெளிச்சம் பட்டு மொத்தமும் போயிற்றே!

லலிதா கேமராவைப் பிடுங்கிக்கொண்டாள். கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி ஜன்னலைச் சுரண்டினாள். நம்பர் தெரிந்தது. மூன்று.

பதினாலு படமும் ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று படத்து இடத்தில்! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். குழந்தை முதல் எழுத்தை இரண்டாம் தடவை எழுதுமா என்ன?

"ஸ்வாமி பொட்டைச் சுரண்டிண்டு நிக்கறியே, பாவம் இல்லையோ?" என்றார் அத்திம்பேர்.

"பாவம் என் தலையில இருக்கட்டும், அத்திம்பேர். படம் அவர் கைக்குப் போகணும்."

சந்தனம் காய்ந்து இறுகிப்போயிருந்த திருகையும் சுரண்டினாள். ஜன்னலைப் பார்த்தபடியே சுற்றி, நாலுக்குக் கொண்டுவந்தாள். அதற்குள் பாலு தட்டுக்குப் பக்கத்திலேயே தூங்கிப்போயிருந்தான், கன்னத்தில் அரிசி ஒட்டிக்கொண்டு. அதைத்தான் எடுத்தாள்.

நாம் எல்லோருமே இப்படித்தான். மிஷினுக்குப் பொட்டு வைப்போம், எண்ணெய் விட மாட்டோம். கண்ணாடி தெரியாத அளவுக்கு மாலை போட்டுக்கொண்டு பாண்டி பஜாரில் பிரேக் இல்லாமல் வருகிற டாக்ஸியை நீங்கள் பார்த்ததில்லையா?

தூங்குகிற பாலு கப்பலுக்குத் தபாலில் கிளம்பிவிட்டான். கழுவி வந்த மற்ற படங்களைப் பார்த்தால், ஒன்றில் பிள்ளைக்கு எட்டுக் கை... தெய்வாம்சம் என்று அத்திம்பேர் அதற்கு ஃபிரேம் போட்டுப் பூஜை அறையில் மாட்டியிருக்கிறார்!