சுண்டைச் செடியில் பிடித்த வண்டுகள்

சேவுகம்பட்டிப் பக்கம் சகாயசெல்வியைத் தெரியாதவர்கள் கிடையாது. அரை ஏக்கர் கத்தரித் தோட்டம், அதைவிடப் பெரிய வாய். யார் எதைச் சொன்னாலும், "எனக்குத் தெரியாதா?" என்பாள். அந்த வாயே முழுசாக இரண்டு நாள் அடைத்துக் கிடந்தது என்றால் விஷயம் சின்னதாகவா இருக்கும்?

போன வருஷம் அவள் புருஷன் பாஸ்கல் காற்றுக்கு எதிரே நின்று கத்தரிக்கு மருந்து அடித்தான். மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டவில்லை, மகாராசன். பாதி டேங்க் முடிவதற்குள் வாயில் நுரை தள்ளி வரப்பில் விழுந்தான். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தான். ஐந்தாம் நாள் வராந்தாவில் முழங்காலிட்டு அவள் வேண்டிக்கொண்டாள்.

"அந்தோணியாரே, இந்த மனுசன எழுப்பிக் குடுத்துரு. ஒன் திருவிழா அன்னதானத்துக்கு எந்தோட்டத்துக் கத்தரிக்கா தாரேன். ஒரு சொட்டு மருந்து படாமத் தாரேன்."

பாஸ்கல் எழுந்துவிட்டான். ஆனால் தோட்டத்துக்குள் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. லோடு ஆட்டோ ஓட்டப் போய்விட்டான். மருந்து வாடை தூரத்தில் வந்தாலே அவனுக்குக் குமட்டும்.

அந்தோணியார் கோயில் அன்னதானத்தில் ஒரு வழக்கம் உண்டு. அரிசி ஒரு வீடு, பருப்பு ஒரு வீடு என்று ஏற்றுக்கொள்வார்கள். விளைந்ததைத்தான் கொடுக்க வேண்டும். கடையில் வாங்கிக் கொடுத்தால் நேர்த்திக்கடன் தீராது. கத்தரிக்காய் சகாயசெல்வி வீடு என்று பூசையில் சாமியார் வாசித்தாயிற்று. திருவிழா ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை காலையில் தோட்டத்துக்குள் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். இலையெல்லாம் சல்லடை. பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டிருந்தது. இலைக்கடியில் மஞ்சள் மஞ்சளாக முள்ளுப் புழுக்கள் அப்பிக் கிடந்தன. மேலே புள்ளி வண்டுகள் ஒய்யாரமாக உட்கார்ந்திருந்தன. அந்த வண்டுகளைக் கொண்டுவந்து விட்டதே அவள்தான்.

ஒரு மாதத்துக்கு முன்னால் செடியில் அசுவினி தட்டியிருந்தது. கொழுந்தில் கூட்டமாக ஒட்டிச் சாறு உறிஞ்சுகிற அந்தப் பொடிப் பூச்சிக்கு என்ன செய்வது என்று வேளாண்மைப் பயிற்சிக்குப் போனாள். முதுகில் புள்ளி போட்ட பொறிவண்டு நம்ம ஆளு, அசுவினியைத் தின்றே தீர்த்துவிடும் என்றார்கள். அவ்வளவுதான், எழுந்து வந்துவிட்டாள். மீதியைக் கேட்க அவளுக்குப் பொறுமை ஏது! கிணற்று மேட்டுச் சுண்டைச் செடியில் புள்ளி வைத்த வண்டுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஊறுகாய் பாட்டில் நிறையப் பிடித்துவந்து கத்தரியில் விட்டாள். திருவிழா முடிந்து பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது சந்தேகம் வந்தது. வரப்போர அவரைக் கொடியிலும் வண்டுகள் இருந்தன. ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள். எண்ணெய் தடவியதுபோல் பளபளப்பு, நாலைந்து கறுப்புத் தீற்று, கையில் நிற்காமல் ஓடியது. கத்தரி வண்டோ மங்கலாக, தூசி படிந்த மாதிரி இருந்தது. முதுகு கொள்ளாமல் புள்ளிகள். இரண்டையும் தனித்தனி பாட்டிலில் போட்டு, அசுவினி மொய்த்த கத்தரி இலையை ஆளுக்கொன்று வைத்துத் துணியால் மூடினாள்.

மறுநாள் பார்த்தாள். பளபள வண்டின் பாட்டிலில் இலை முழுசாக இருந்தது. அசுவினி பாதிக்குமேல் காணோம். மங்கல் வண்டின் பாட்டிலில் அசுவினி அப்படியே இருந்தது, இலைதான் சல்லடை. அட பாவி மகளே என்று தன் தலையில் தானே அடித்துக்கொண்டாள். அன்று முழுக்க ஒருத்தருக்கும் தெரியாமல் புழுவைப் பொறுக்கினாள். பத்தில் ஒரு பங்கு செடிகூட முடியவில்லை.

புதன்கிழமை விடியக் கருக்கலில் மருந்து அடிக்கிற மோட்டார் சத்தம் கேட்டது. ஓடிப்போனால், கொழுந்தன் ராயப்பராஜ் முதுகில் மருந்து டேங்க்கோடு முதல் பாத்தியில் நிற்கிறான்.

"ஏ தம்பி, நிறுத்து!"

"தள்ளுங்க மதினி. ஒரு டேங்க் அடிச்சா மத்தியானத்துக்குள்ள அம்புட்டும் உதுந்துரும். வெறுங்கையோட கோயிலுக்குப் போய் அண்ணன் மானத்த வாங்கப் போறீகளா?"

"இன்னிக்கு அடிச்சத ஞாயித்துக்கெழம புள்ளைகளுக்குப் போடுறதா? ஒங்கண்ணன் விழுந்து கெடந்த எடம்டா இது!"

அவன் குழாயை உயர்த்தினான். அவள் அதன் முனையைக் கையால் பொத்திக்கொண்டாள். அந்தச் சமயம் வரப்போரம் ஆட்டோ வந்து நின்றது. பாஸ்கல் இறங்கினான். மோட்டாரைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"இம்புட்டுப் பூச்சி எங்கிருந்துதான் வந்துச்சோ," என்றான் ராயப்பராஜ்.

இதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. "நாந்தான் கொண்டாந்து விட்டேன். நல்ல வண்டுன்னு நெனச்சு, சுண்டச் செடியில புடிச்சு, என் கையாலதான் விட்டேன். எனக்குத் தெரியாமப் போச்சு." சொல்லிவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

ராயப்பராஜ் மோட்டாரை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். மதினி வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை.

பாஸ்கல் செருப்பைக் கழற்றி வைத்தான். ஒரு வருஷம் கழித்துப் பாத்திக்குள் இறங்கினான். குனிந்து ஓர் இலையைத் திருப்பினான்.

"அந்த டேங்க்க வீட்டுல வச்சிட்டு வாடா. ரெண்டு வாளியும் சோப்புத் தண்ணியும் கொண்டா."

நான்கு நாள் மூன்று பேரும் குனிந்தது குனிந்தபடி. வண்டு, புழு, இலைக்கடியில் மஞ்சள் முட்டை, எல்லாம் சோப்புத் தண்ணீருக்குள் போயின. நடுவில் ஓர் இலையில் கருத்து, ஊதி, அசையாமல் ஒட்டிக் கிடந்த புழுக்களை வாளியில் போடப் போனாள் சகாயசெல்வி. கை நின்றது. அவசரப்பட்டுத்தானே இந்த வினை? அந்த இலையைப் பாட்டிலில் போட்டு வைத்தாள். மறுநாள் புழுத்தோலில் ஊசிமுனைத் துளைகள். எள்ளைவிடச் சின்னக் குளவிகள் பாட்டிலுக்குள் பறந்தன. புழுவைக் கொன்றவை அவைதான். துணியை அவிழ்த்துத் தோட்டத்துக்குள் விட்டாள். கருத்த புழு இருந்தால் தொடாதீர்கள் என்று மற்ற இருவருக்கும் சொன்னாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பறித்தார்கள். ஒன்பது கூடை வரவேண்டிய இடத்தில் ஐந்துதான் தேறியது. கோயில் பின்னால் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்த சமையல் மாஸ்டர் சங்கிலி ஒரு காயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, தோலெல்லாம் சொறி? பூச்சி தின்னுருக்கே?"

பாஸ்கல் முன்னால் வந்தான்.

"ஆமாண்ணே, தின்னுச்சு. காயத் தின்னு ஒரு பூச்சியும் சாகல, ஒரு சொட்டு மருந்து படல. நாங்கதான் கையால பொறுக்குனோம்."

சொல்லிக்கொண்டே அவர் கையிலிருந்த காயை வாங்கி, சொறி இருந்த பக்கமாகக் கடித்து மென்றான். சங்கிலி அவனையே பார்த்தார். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த கதை அவருக்கும் தெரியும்.

"சரி, துண்டைச் சின்னதா நறுக்குங்கப்பா," என்று ஆட்களிடம் சத்தம் போட்டார். "எல்லா எலைக்கும் ஒண்ணாவது விழணும்."