வெட்டாமல் விட்ட கிரைண்டர் கடை

மேடையில் பேசிப் பழகியவர்களுக்கு ஒரு குணம் உண்டு. இறங்கியதும் பேச்சை மறந்துவிடுவோம். கைதட்டல் எழுந்த இடத்தை மட்டும் மறக்க மாட்டோம். எனக்கு எழுந்த முதல் கைதட்டல் என் நினைவில் இருந்ததோடு ஒரு வீடியோ கேசட்டிலும் இருந்தது. அணுபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்குக் கீழே, பட்டிமன்றக் கேசட்டுகளின் வரிசையில் அது கடைசியாக நின்றது. விருந்தினர் வந்தால் போட்டுக் காட்டுவோம். காட்டுவோம் என்ன, நானே போட்டுக் காட்டுவேன்.

என் நைனா செய்யூர்ப் பக்கத்துக்காரர். பிறர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து படித்து, அணுசக்தித் துறையில் வேலை பெற்று, அணுபுரம் ஊழியர் குடியிருப்புக்கு வந்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர் ஆசையாக வாங்கிய பொருள் ஒரு வீடியோ டெக். மற்ற வீடுகளில் டெக் என்றால் சினிமா. எங்கள் வீட்டில் அது பண்டிகை நாள் பட்டிமன்றங்களைப் பதிவு செய்வதற்காகவே வந்தது. மேடைத் தமிழ் அவர் நாவுக்கு வராது. ஆனால் அதைக் கேட்பதில் அவருக்குச் சலிப்பே வந்ததில்லை.

பதிவு நடக்கும் காலை வேளையில் எங்களுக்கு ஆளுக்கொரு பொறுப்பு. நைனா ரிமோட்டோடு டெக்கின் முன் சம்மணமிட்டு அமர்வார். விளம்பரம் வந்ததும் பதிவை நிறுத்த வேண்டும்; மேடை தெரிந்ததும் மறுபடி ஓடவிட வேண்டும். அம்மா அடுப்படியில் வடை தட்டிக்கொண்டே காதால் காவல் காப்பார்.

"இந்தாய்யா, சோப்புக்காரி வந்துட்டா, அமுக்கு!"

"அமுக்கிட்டேன்மே!"

"எங்க அமுக்கன? இன்னும் குளிச்சிகினு கீறா பாரு!"

நைனாவின் விரல் எப்போதும் ஒரு நொடி பிந்தும். அதனால் எங்கள் கேசட்டுகளில் ஒவ்வொரு வாதத்தின் முடிவிலும் ஒரு பற்பசைச் சிரிப்பின் பாதியோ, ஒரு சோப்பு நுரையின் தொடக்கமோ ஒட்டிக்கொண்டிருக்கும். நான் பேசக் கற்றது அந்தக் கேசட்டுகளில்தான். எங்கே நிறுத்துகிறார்கள், எங்கே குரலைத் தாழ்த்துகிறார்கள் என்று ஓட்டி ஓட்டிப் பார்த்து, கண்ணாடி முன் நின்று பேசிப் பார்ப்பேன்.

நான் ஆறாம் வகுப்பில் இருந்தபோது குடியிருப்பின் பொங்கல் விழாவில் எனக்கு மேடை கிடைத்தது. வெற்றிக்கு வேண்டியது அறிவா, உழைப்பா என்பது தலைப்பு. நான் உழைப்பின் அணி. செங்கல்பட்டிலிருந்து கேபிள்காரர் ஒருவர் தோளில் கேமராவோடு வந்து படம்பிடித்துப் போனார். அடுத்த வாரம் அவருடைய சேனலில், உள்ளூர்க் கடைகளின் விளம்பரங்களுக்கு நடுவே, விழா ஒளிபரப்பானது. அன்று மட்டும் நைனா ரிமோட்டைத் தொடவில்லை. பதிவை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஓடி முடிந்ததும், மேலே வேறெதுவும் பதிவாகிவிடாதபடி கேசட்டின் முதுகிலிருந்த சிறு பிளாஸ்டிக் பல்லைத் தன் கையாலேயே உடைத்தார்.

அந்தக் கேசட்டில் இருப்பது இவ்வளவுதான். சிவப்புப் பாவாடையில் நான் மைக்கின் முன் நிற்கிறேன். "அறிவு பாதையைக் காட்டும். அந்தப் பாதையில் நடக்கும் கால் எது? உழைப்பு!" என்கிறேன். "இரண்டாவதாக" என்று தொடங்குகிறேன். உடனே விளம்பரம். செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கிரைண்டர் கடை, மாலை போட்ட கிரைண்டர் ஒன்று சுற்றுகிறது, கேபிள்காரரே தம் குரலை இழுத்து, "இல்லத்தரசிகளே!" என்று விளிக்கிறார். கிரைண்டர் நின்றதும் மீண்டும் பந்தல். கூட்டம் கைதட்டிக்கொண்டிருக்கிறது. "ஆகவே அவையோரே" என்று நான் முடிக்கிறேன்.

அந்தக் கைதட்டல் "உழைப்பு!" என்ற என் சொல்லுக்கு எழுந்தது என்பதில் எனக்கு ஐயமே இருந்ததில்லை. போட்டுப் போட்டுப் பார்த்ததில், கேசட்டில் இருந்ததே என் நினைவாகிவிட்டது. என் மேடை வாழ்வு முழுவதையும் அதன்மேல்தான் கட்டினேன். ஒரு கேள்வி, ஒரே சொல்லில் விடை, பிறகு மௌனம். படாளத்திலிருந்து மதுராந்தகம் வரை எந்தப் பள்ளிப் போட்டியிலும் அந்த உத்தி என்னைக் கைவிடவில்லை. அந்தக் கேசட் ஓடும்போதெல்லாம் அம்மா மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். தற்பெருமை பிடிக்காதவர் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கல்லூரியின் இறுதி ஆண்டில் இருந்தபோது கேசட்டுகளுக்கு முடிவு நெருங்கியது. கடற்காற்று எங்கள் பக்கத்தில் இரும்புக் கம்பியையே தின்னும், நாடா எம்மாத்திரம்? சுருளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது. டெக்கைப் பழுதுபார்க்கவும் ஆளில்லை. அந்நேரம் பார்த்து, கல்லூரித் தமிழ் மன்ற நிறைவு விழாப் பட்டிமன்றத்துக்கு என்னை நடுவராக்கியவர்கள், என் சிறுவயதுப் பேச்சைத் திரையில் காட்ட விரும்பினார்கள். விளம்பரம் இல்லாமல் ஒரு டிஸ்க் வேண்டும் என்றார்கள்.

கணினியில் டிவி கார்டு ஒன்றைப் பொருத்தி, டெக்கிலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர்களை இழுத்து, ஒவ்வொரு கேசட்டையும் ஓடும் நேரம் முழுக்க ஓடவிட்டுப் பதிவேற்றினேன். பிறகு வெட்டும் வேலை. சோப்புகளையும் பற்பசைகளையும் கழித்தேன். நைனாவின் விரல் பிந்திய இடங்கள் ஒவ்வொன்றாய் மறைந்தன. என் கேசட்டைக் கடைசியாக எடுத்தேன். கிரைண்டர் கடையை வெட்டி, இரு முனைகளையும் சேர்த்து ஓட்டினேன்.

சேரவில்லை.

"உழைப்பு!" என்ற சொல்லுக்குப் பின் பந்தலில் ஓசையே இல்லை. "இரண்டாவதாக" என்கிறேன்; அடுத்த கணம், காரணமே இல்லாமல் கைதட்டல். பிறகு நேரே "ஆகவே". இரண்டாவது வாதம் எங்கே? படம்படமாக நகர்த்திப் பார்த்தேன். பழைய தொலைக்காட்சியில் தெரியாதது கணினித் திரையில் தெரிந்தது: கிரைண்டருக்குப் பின் வரும் என் முகத்தில் கன்னம் இரண்டும் ஈரமாக இருந்தன.

"இரண்டாவதாக" என்ற சொல்லையும் வெட்டினேன். இப்போது "உழைப்பு!" என்றதும் கைதட்டல் பொங்கியது. நான் இத்தனை காலம் நினைவில் வைத்திருந்தபடியே, மாசில்லாமல், இருந்தது. அந்தக் கோப்பைச் சேமித்துவிட்டுக் கூடத்துக்குப் போனேன். நைனா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, பொங்கலுக்குப் பேசனேனே, நடுவுல இன்னா ஆச்சி?"

"எந்தப் பொங்கலு?"

"தெரியாத மாதிரி கேக்காத. கிரைண்டர் கட வருதே, அந்த எடம்."

அவர் கை நின்றது. அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஏமே, இங்க வா. கண்டுபுட்சிட்டா" என்றார்.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்தபடி வந்தார். "இன்னாத்த சொல்றது? ரெண்டாவதான்னு சொன்ன. அப்பறம் வாயே தொறக்கல. மைக்க புட்சிகினு நிக்கற, கண்ணுல தண்ணி ஊத்துது. இந்த மனுசன் எந்திரிச்சி வெளிய போய்ட்டாரு."

"நான் எங்க போனேன்? பந்தக்கால் பக்கத்துல நின்னுகினுதான் இருந்தேன்."

"நின்னாரு. முதுவ காட்டிகினு."

"அப்போ கைதட்டனது?" என்றேன்.

"முன்னாடி வரிசையில பெரிய ஆபீசருங்க வூட்டு பொம்பளைங்க, ஐயோ பாவம்னு உச்சு கொட்டிகினு கீறாங்க. எனக்கு வந்துச்சி பாரு ஆத்திரம். எந்திரிச்சி நான் பாட்டுக்குத் தட்டனேன்."

"ஒருத்தியாவா?"

"ஒருத்தியாத்தான். பைத்தியமான்னு பாத்தாங்க. பாக்கட்டும். அப்பறம் வாட்ச்மேன் தட்டனாரு, பசங்க தட்டனாங்க, எல்லாம் தட்டுச்சி. நீ மூக்க தொடச்சிகினு ஆகவேன்ன."

நைனா மெல்லச் சொன்னார்: "செங்கல்பட்டுக்குப் போயி கேபிள்காரனப் பாத்தேன். அண்ணாத்த, புள்ள அழுவறத மட்டும் காட்டாதன்னேன். அவன், எனக்கும் ஒரு பொண்ணு கீது, இத்த நீ வந்து சொல்லணுமா, அங்க கிரைண்டரப் போட்டு சுத்தவுட்டுட்டேன்னான்."

"கிரைண்டரப் போடறதுக்கு முன்னாடி அவுரு எடுத்த கேசட்டு கீதா?"

"ஏது? அடுத்த வாரமே அதும்மேல ஒரு கல்யாணம் எடுத்துட்டான்."

அந்தப் பொங்கல் விழா அன்று மாலை மாமல்லபுரத்துக்குப் பேருந்தில் கூட்டிப்போய் எனக்குக் கிளிஞ்சல் மாலை வாங்கித் தந்தார்களே, வெற்றிக்குப் பரிசாக? அதையும் கேட்டேன்.

"பஸ்ல பூரா அழுத. மாலையக் கழுத்துல போட்டதும்தான் நின்னுச்சி" என்றார் அம்மா.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் சொல்லாற்றலுக்குக் கிடைத்த சான்று என்று நான் ஊர் முழுக்கக் காட்டியது, அழுத பிள்ளைக்குக் கிடைத்த ஆறுதலாகிவிட்டது. கணினியின் முன் மறுபடி அமர்ந்தேன். மாசில்லாத அந்தக் கோப்பு அங்கேதான் இருந்தது. அதைக் கொடுத்தால் விழா அரங்கில் உண்மை தெரிந்தவர்கள் அம்மா, நைனா இருவர்தான், இருவருமே சொல்ல மாட்டார்கள். ஓட்டிப் பார்த்தேன். கைதட்டல் பெரிதாக எழுந்தது. அதில் அம்மாவின் கையைத் தேடினேன். அது இல்லை. கூட்டம் சேர்ந்த பிறகுதான் படம் திரும்புகிறது. அவர் ஒற்றையாய் நின்று தட்டிய அந்தக் கணம் நான் வெட்டியெறிந்த கிரைண்டர் கடைக்கு அடியில் போயிருந்தது. அதற்கு அந்த விளம்பரத்தைத் தவிர வேறு அடையாளம் எங்குமே கிடையாது.

வெட்டியதை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன். டிஸ்க்கில் எழுதினேன்.

விழா நாளில், திரையில் மாலை போட்ட கிரைண்டர் சுற்றத் தொடங்கியதும் அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. "நடுவரே, விளம்பரதாரர் யார்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான். வழக்கமாக அப்படிப்பட்ட குரலுக்கு என்னிடம் உடனே பதில் இருக்கும். அன்றோ, அந்த இரைச்சலுக்கு அடியில் காதை வைத்திருந்தேன். முன்வரிசையில் நைனாவுக்குப் பக்கத்தில் அம்மா இருந்தார். எழுந்து போக அங்கே அடுப்படி இல்லை. மடியில் கைகளைக் கோத்தபடி முழுவதையும் பார்த்தார்.

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது சொன்னார்.

"அந்தக் கிரைண்டர் கடைய எடுத்துட்டாங்க, தெரியுமா? இப்ப அங்க செல்போன் கட கீது."