கொலு மலையின் மேற்குச் சரிவு

கல்யாணமாகி மந்தைவெளி வீட்டுக்கு வந்த முதல் நவராத்திரியில், மாமியார் கொலுப் படிகளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் அமைக்கும் மண் மலையை என்னிடம் ஒப்படைத்தார். “மலையோடதானே உனக்கு உத்தியோகம்? இந்த வருஷம் அது உன் பாடு” என்றார். பாராட்டா குத்தலா என்று எனக்கு விளங்கவில்லை.

என் உத்தியோகம் அவருக்குப் பிடிபடாத விஷயம். மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டில், ஒரே மலையின் இரண்டு பக்கங்களிலும் மரங்களின் சுற்றளவை அளக்கிறேன். மழைக்காற்று மோதும் பக்கத்தில் ஒரு வளர்த்தி, மறுபக்கத்தில் வேறு வளர்த்தி. உச்சியில் மண் மெல்லிசு, காற்று பலம். அங்கே ஆளுயரத்தில் நின்றுவிடும் அதே மரம் பள்ளத்தில் நம்மை அண்ணாந்து பார்க்க வைக்கும். நவராத்திரி முடிந்ததும் இரண்டு மாதம் நான் அங்கே போயாக வேண்டும். மாமியாருக்கு அதில் இஷ்டமில்லை. “கிண்டியில இல்லாத மரமா? காலம்பற பஸ்ல போய் அளந்துட்டு சாயங்காலம் ஆத்துக்கு வந்துடலாமே” என்றார். கிண்டியில் மரம் உண்டு, சரிவுதான் இல்லை என்றேன். “ம்” என்றார். அந்த “ம்”முக்கு என்ன அர்த்தம் என்று அவர் பிள்ளைக்கே தெரியாது. மனஸ்தாபத்தோடு கிளம்ப எனக்கு மனமில்லை; அவர் சிரித்த முகமாக அனுப்பிவைக்க வேண்டும் என்று ரொம்பவும் ஆசைப்பட்டேன்.

ஆகவே மலையில் குறையே இருக்கக்கூடாது என்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினேன். கொலுவுக்கு ஒரு வாரம் முன்பே களிமண்ணைப் பிசைந்து கூம்பாக எழுப்பி, உச்சியில் முருகனை நிறுத்தி, கடுகை எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தூவினேன். பிறகு, சரிவில் ஏறி இறங்கிப் பிழைப்பவள் செய்யவே கூடாத காரியத்தைச் செய்தேன். உச்சியிலிருந்து சொம்பால் தண்ணீர் ஊற்றினேன்.

கடுகில் பாதி ஓடிவந்து அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டது. கொலு வைத்த அன்று பார்த்தால், பொம்மைக் கார்கள் போகும் ரோட்டில் அடர்ந்த காடு. முருகன் வெட்டவெளியில் நின்றார். மேற்கு ஜன்னலைப் பார்த்த சரிவில் வெயிலுக்கு மண் வெடித்து, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டைச் செடிகள். சுவரைப் பார்த்த சரிவில் ஈரம் காயவில்லை. வெளிறிய தண்டுகள் வெளிச்சத்தைத் தேடி நெட்டையாக வளைந்திருந்தன.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. சமையலறைக்குப் போய், உச்சியில் மண் ஏன் தங்காது, அடியில் ஏன் செழிக்கும், வெயில் பக்கம் ஏன் காயும் என்று மாமியாரிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். சுண்டலுக்குத் தேங்காய் துருவியபடியே கேட்டுக்கொண்டார். “ம்” என்றார். போச்சு என்று நினைத்தேன்.

சாயங்காலம் வெற்றிலை பாக்குக்கு வந்த கீழ்வீட்டு மாமி, மாமியாரின் சிநேகிதி, மலையைப் பார்த்ததும் குரல் கொடுத்தார். “என்னடி இது, முருகனைச் சுத்தி ஒரே சொட்டையா இருக்கு?”

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதற்குள் மாமியார் சுண்டல் பாத்திரத்தோடு வந்தார்.

“சொட்டை இல்லடி. மலைன்னா அப்படித்தான். மேல மண்ணு நிக்காது, மழை அடிச்சுண்டு கீழ வந்துடும். அதான் அடியில காடா இருக்கு. இந்தப் பக்கம் மேற்கு வெயில், காஞ்சு கிடக்கு. அந்தப் பக்கம் ஈரம். எல்லாம் ஒரே கடுகுதான். எங்காத்து மாட்டுப்பொண்ணு இதைத்தான் அங்க போய் அளக்கறா. ரெண்டு பக்கமும் ஏறி இறங்கணும், லேசுப்பட்ட வேலையா?”

மாமி பயபக்தியோடு மறுபக்கம் போய் எட்டிப் பார்த்தார். அன்றைக்கு வந்த அத்தனை பேருக்கும் சுண்டலோடு இந்தப் பாடமும் கிடைத்தது. எனக்கு உள்ளம் பூரித்துப் போயிற்று.

நான் கிளம்பிய அன்று, பையில் பருப்புப்பொடி டப்பாவைத் திணித்துக்கொண்டே மாமியார் சொன்னார்: “பள்ளத்துல இருக்கறது தானா வளந்துடும். மேல குட்டையா நிக்கறதே, அதை நன்னா பாத்து அளந்துண்டு வா. பாவம், அது அங்க நிக்கறதே பெரிசு.”