காதுக்காரர் சொன்ன ஒரே பொய்

காதுக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் கடையைக் காட்டுவார்கள். மைக், ஒலிபெருக்கி, பழைய ரேடியோ என்று எது படுத்துக்கொண்டாலும் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் காதை வைப்பார். "வலது பக்கத்து ஒயர்" என்பார். கழற்றிப் பார்த்தால் வலது பக்கத்து ஒயராகத்தான் இருக்கும். அந்தக் காதைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. துவைத்த விரிப்புகளை எண்ணி, மடித்து, அடுக்க வேண்டும். வாயில்லாப் பூச்சி. பால் வாங்கப் போனால் கடைக்காரர் இரண்டு தடவை "என்னம்மா?" என்பார். மூன்றாவது தடவை கேட்பதற்குள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிடுவாள்.

நூலக மாடியில் பெரியவர்களுக்கென்று ஒரு பாட்டு நாடகக் குழு தொடங்கியபோது ஆசைப்பட்டுப் பெயர் கொடுத்தவர் காதுக்காரர்தான். ஆனால் தனியாகப் போக மனிதருக்குக் கூச்சம். "சும்மா வா, பக்கத்துல உக்காந்திரு போதும்" என்று அவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். அவரிடம் ஒரு விதி உண்டு. சும்மா உட்கார யாருக்கும் அனுமதி கிடையாது. அன்றைக்கு வேலையில் என்ன செய்தோமோ அதை ஏதாவது ஒரு மெட்டில் பாடிவிட்டுத்தான் உட்கார வேண்டும். தபால்காரர் பூட்டிக் கிடந்த வீடுகளைப் பாடினார். லாரி டிரைவர் பிரேக் பிடிக்காத கதையைப் பாடினார். அவள் இரண்டு வாரம் தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். மூன்றாவது வாரம், நூற்றுப்பத்து விரிப்பு, நாற்பது தலையணை உறை, கறை போகாதது ஏழு என்று மெல்ல இழுத்தாள்.

அடுத்துப் பாட எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருஷம் கூடவே குடித்தனம் நடத்திய குரல், இப்படி அசையாமல் நிற்கும் என்று அத்தனை பெரிய காதுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

போடப்போவது ஒரு படகுத்துறையைப் பற்றிய நாடகம். பெரிய வேடம் துறைக்காரி. டீச்சர் அதை அவளுக்குக் கொடுத்தார். காதுக்காரருக்குப் பயணிகள் கூட்டத்தில் ஐந்தாவது ஆள், கூடவே மைக் பொறுப்பு.

அதற்கப்புறம் அவளிடம் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. ஈர மூட்டையை ஒரே ஆள் தூக்கக்கூடாது என்று சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் நேருக்கு நேர் சொன்னாள். அவரும் மறுபேச்சில்லாமல் இன்னொரு ஆளைப் போட்டார். பால் கடையில் "முதல்ல வந்தது நான்" என்றாள். வீட்டில் கூட்டிப் பெருக்கும்போதும் பாட்டுத்தான். காதுக்காரருக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை.

ஒரு நாள், ஒத்திகையைப் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்த ஒருவர், "துறைக்காரி வீட்டுக்காரர் நீங்கதானா?" என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்டதுதான். அதுவரை அவள்தான் காதுக்காரர் பெண்சாதி. காதுக்காரருக்குச் சுருக்கென்றது. இதை வெளியே சொன்னால் கேவலம் என்று தெரிந்ததால் உள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

நாடகத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, அவள் கடைக்கு வந்து கடைசிப் பாட்டை ஒரு தடவை பாடிக் காட்டினாள்.

"மேல போற இடம் சரியா இருக்குங்களா? ஊரே நல்லாருக்குன்னாலும் நீங்க சொன்னாத்தான் நான் நம்புவேன்."

சரியாக இருந்தது. இம்மி பிசகவில்லை. கையிலிருந்த ஒயரைப் பார்த்துக்கொண்டே காதுக்காரர் சொன்னார்: "மேல போறப்ப சுருதி கொஞ்சம் இறங்குது. மத்தவங்களுக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள். "நல்லவேளை, கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாளே தொண்டை சரியில்லை என்று சொல்லி வேடத்தைத் திருப்பிக் கொடுத்தாள். டீச்சர் விடவில்லை. காதுக்காரர் பக்கம் திரும்பி, "நீங்களாவது சொல்லுங்க சார்" என்றார். அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும். அவருக்கு வாயில் என்ன அடைத்துக்கொண்டதோ, "அவ இஷ்டம் டீச்சர்" என்றார். பொய்யையாவது நாக்கு புரண்டுவிட்டது என்று மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது?

குழுவில் இருந்த, பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் பெண் துறைக்காரியானாள். நாடகத்தன்று, மேலே போகும் அதே இடத்தில் அந்தப் பெண்ணுக்குச் சுருதி நிஜமாகவே இறங்கியது. காதுக்காரர் மைக்கில் எதிரொலியைக் கூட்டி மூடி மறைத்தார். அவர் மனைவி திரை ஓரத்தில் மாற்றுத் துணியோடு நின்று, எல்லோருக்கும் முந்திக் கை தட்டினாள். அதற்குப் பிறகு அவள் நூலக மாடிப் படியை மிதிக்கவில்லை. வீட்டிலும் பாட்டு நின்றுபோனது. சொல்லிவிடலாம் என்று அவர் வாயெடுக்காத மாதமில்லை, விழுங்காத மாதமுமில்லை.

பதினோரு வருஷம் போனது. அவள் ஓய்வு பெறும் சமயம், வழியனுப்பு விழாவில் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று சலவைக்கூடத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அதைச் சொல்லிச் சிரித்தபோது காதுக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"பாடு. அன்னைக்கு உனக்குச் சுருதி இறங்கவே இல்ல. நான் பொய் சொன்னேன். உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை."

அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தார். சிரிப்புத்தான் வந்தது.

"எனக்குப் பாட ஆசையா இருக்கும்னு இப்ப இதைச் சொல்றீங்களாக்கும்."

"இல்ல, நிஜமாத்தான் சொல்றேன்."

"நான் என்ன சமைச்சாலும் நல்லாருக்கும்பீங்க. என்ன உடுத்தினாலும் நல்லாருக்கும்பீங்க. அன்னைக்கு ஒரு நாள்தான் என் மனசு நோகுமேன்னு பார்க்காம உள்ளதைச் சொன்னீங்க. அதுக்காகவே உங்க மேல எனக்குத் தனி மரியாதை. இப்பப் போய் அதைக் கெடுத்துக்காதீங்க."

அவர் மறுபடி சொன்னார். கெஞ்சிக்கூடப் பார்த்தார். அவள் சின்னப் பிள்ளையைத் தேற்றுவது போல அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, சலவைக்கூடத் தோழிக்குப் போன் போட்டாள்.

"பாட்டுக்கு வேற ஆளைப் போட்டுக்கங்க. இல்லம்மா, கூச்சமெல்லாம் இல்ல. எனக்குச் சுருதி நிக்காதுன்னு எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாரு."

காதுக்காரர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.