தேக்கரண்டி வழக்கு

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் எங்கள் வீட்டு மேசையில் எங்கள் மூவருக்கும் அண்ணன், அண்ணிக்குமாக ஐந்து கோப்பை, ஐந்து தட்டு, ஐந்து தேக்கரண்டி வைப்பேன். நடுவில் சர்க்கரைக் கிண்ணம். தேநீரில் சர்க்கரை போட்டுக் கொதிக்கவிடுவதில்லை. அவரவர் போட்டு, அவரவர் கலக்கிக்கொள்ள வேண்டும். புனேயில் இப்படிச் செய்யும் வீடுகள் குறைவு. எங்கள் மாடியில் இருக்கும் மராத்திக் குடும்பத்தில் இஞ்சி, சர்க்கரை, பால் எல்லாம் ஒரே பாத்திரத்தில் பொங்கி இறங்கிவிடும். கரண்டிக்கு அங்கே வேலை கிடையாது.

எங்களுக்கு இது அப்பாவிடமிருந்து வந்தது. புனேயின் கேம்ப் பகுதியில் ராணுவ அதிகாரிகளின் மெஸ்ஸில் மேசை பரிமாறியவர் அவர். அங்கே கண்டதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் முழுவதையும் எடுத்துக்கொண்டார். தேக்கரண்டி வட்டமாகச் சுற்றக் கூடாது. கடிகாரத்தில் பன்னிரண்டிலிருந்து ஆறுக்கு, ஆறிலிருந்து பன்னிரண்டுக்கு, முன்னும் பின்னுமாகப் போய்வர வேண்டும். கோப்பையின் சுவரில் படக் கூடாது. சத்தம் வந்தால் கலக்கத் தெரியவில்லை என்று பொருள்.

அண்ணன் போசரியில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உருளைகளையும் வளையங்களையும் மைக்ரோமீட்டரில் அளந்து, தேறியதை ஒரு பக்கமும் தேறாததை இன்னொரு பக்கமும் வைப்பது அவர் வேலை. என் கணவர் பாளையங்கோட்டையிலிருந்து வந்து பேரிங் வியாபாரம் செய்தவர். அவர் கொண்டுபோன சரக்கை அண்ணன் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறார். திருப்பி அனுப்பும்போதெல்லாம் கோபப்படாமல் சிரித்துக்கொண்டே எடுத்துப்போன மனிதரைப் பற்றி வீட்டில் வந்து சொல்லி, பிறகு சபையில் விசாரித்து, அவருக்கே என்னைக் கட்டிவைத்தார்.

கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் ஞாயிறே வழக்கு தொடங்கிவிட்டது. என் கணவர் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டு, கோப்பை அதிரும்படி கலக்கினார். அண்ணன் செய்தித்தாளைக் கீழே வைத்தார்.

"மணியடிக்கக் கோயில்ல ஆள் இருக்கு, மாப்பிள்ளை. நீங்க சிரமப்பட வேண்டாம்."

"சத்தம் கேட்டாத்தானே மச்சான் கரைஞ்சுதா இல்லையான்னு தெரியும்? அடியில சக்கரை கிடந்தா நறநறன்னு கேக்கும். கரைஞ்சிட்டா கணீர்னு கேக்கும். உங்க டீல கடைசி மடக்குதான் இனிக்கும். பாயாசத்தைக் கப்புக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கீங்க."

அதன் பிறகு அந்த வழக்குக்கு விடுமுறையே இருந்ததில்லை. அண்ணி இரண்டு பக்கமும் சேராமல் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். என் மகள் வளர்ந்து கல்லூரிக்குப் போகும் வயதில் ஒருநாள் பரீட்சையே நடந்தது. இரண்டு கோப்பை, ஒரே அளவு சர்க்கரை. ஒன்றை அண்ணன் முன்னும் பின்னுமாகவும் மற்றதை என் கணவர் வட்டமாகவும் கலக்கினார்கள். மகள் கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் குடித்துப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தடுக்கித் தடுக்கித்தான் வரும்.

"ரெண்டும் சேம்தான் மாமா. ஏக்தம் சேம்."

நீதிபதியைத் தமிழ்நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார் அண்ணன். நீதிபதிக்குத் தான் முன்பே காசு கொடுத்துவிட்டதாகச் சொன்னார் என் கணவர். நான் அன்று சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறியது.

இதையெல்லாம் எழுதக் காரணம் அதற்கடுத்த மழைக்காலம்.

அன்று வழக்கம்போல எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் சர்க்கரை போட்டார், கலக்கத் தொடங்கினார். கரண்டி கோப்பையின் சுவரில் பட்டது. மிக மெல்லிய சத்தம்தான். மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்தோம். என் மகள் கைதட்டினாள். என் கணவர் எழுந்து நின்றே விட்டார்.

"பாத்தீங்களா, மச்சான் நம்ம கட்சிக்கு வந்திட்டாரு."

அண்ணனும் சிரித்தார். கரண்டியைத் தட்டில் வைத்தார். கையை மேசைக்குக் கீழே, மடியில் வைத்துக்கொண்டார். நான் அதைப் பார்த்தேன். தேநீரை அவர் ஆறவிட்டுத்தான் குடித்தார். இடது கையால் குடித்தார்.

அடுத்த ஞாயிறும் சத்தம் வந்தது. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது. தொடர்ந்து நாலைந்து சிறு தட்டல்கள், ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் இடைவெளி இல்லாமல். இப்போது யாரும் கைதட்டவில்லை. என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, அண்ணனின் கையைப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எங்கள் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடிய தவறு. அந்த வாரம் முழுவதும் அதைப் பற்றி என்னிடம் எதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தார், சர்க்கரை போட்டார், தேக்கரண்டியை முன்னும் பின்னுமாக, சத்தமே இல்லாமல், அண்ணன் இத்தனை வருடம் சொன்னபடியே கலக்கினார். மரியாதை செய்வதாக நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மகளும் தன் கரண்டியை மெதுவாகவே அசைத்தாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இப்படி நாங்கள் எல்லாரும் அமைதியாக இருந்ததால், அந்த அறையில் அண்ணனின் கரண்டி ஒன்றுதான் கேட்டது.

அவர் கலக்குவதை நிறுத்திவிட்டு என் கணவர் பக்கம் திரும்பினார்.

"என்ன மாப்பிள்ளை, சண்டை போட மாட்டீங்களா?"

"வயசாயிட்டுல்லா மச்சான். நீங்க சொன்னதுதான் சரின்னு இப்பத்தான் புரியுது."

அண்ணன் தலையசைத்தார். பாதிக் கோப்பை தேநீர் மிச்சமிருந்தது. மழைக்கு முன்னால் போய்விடலாம் என்று அண்ணியிடம் சொன்னார். வெளியே அன்று நல்ல வெயில்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. இடுப்பு வலி என்று அண்ணி தொலைபேசியில் சொன்னார். அதற்கடுத்த வாரம் அவர்கள் வீடு இருக்கும் லோஹேகாவிலிருந்து பஸ் கிடைக்கவில்லை என்றார். பிறகு வீட்டுக்கு யாரோ வருகிறார்கள் என்றார். நாங்கள் வருகிறோம் என்றால் இன்று வேண்டாம் என்றார். நான் ஐந்து கோப்பை வைத்துவிட்டு இரண்டைத் திரும்ப எடுத்துவைத்த வாரங்கள் அவை.

கேம்ப்பில் ஒரு பள்ளி அலுவலகத்தில் நான் வேலை பார்க்கிறேன். ஒரு மதியம் அண்ணி அங்கே வந்து நின்றார். துணி வாங்க வந்ததாக அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். வாசலருகே பெஞ்சில் உட்கார்ந்து அவர் சொன்னதுதான் எனக்கு முதலில் தெரிந்த முழு விவரம். நடுக்கம் தொடங்கி வெகுநாளாகிவிட்டது. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொல்லியிருக்கிறார். அது குணமாகிற வியாதியில்லை, மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். என்னிடம் மட்டும் சொல்லக் கூடாது என்பது அண்ணனின் கண்டிப்பு. அந்தப் பெயரை எங்கள் வீட்டில் இன்றும் யாரும் சொல்வதில்லை. 'கை' என்போம். கை எப்படி இருக்கிறது, கைக்கு மாத்திரை கொடுத்தாயிற்றா.

பிறகு அண்ணி இதையும் சொன்னார்.

"சனிக்கிழம சாயங்காலம் ஆனா கப்புல தண்ணிய ஊத்தி வச்சிக்கிட்டு உக்காந்திருவாரு. கலக்கிக் கலக்கிப் பாப்பாரு. மறுநாள் உங்க வீட்டுக்கு வாரதுக்கு."

எவ்வளவு காலமாக என்று கேட்டேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடம் சொல்லிவிடாதே என்றார்.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்ட தட்டிலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் சண்டை போட்டுக்கொண்டிருந்த வரைக்கும் அண்ணன் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து பழகிக்கொண்டு வந்திருக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த அன்று வருவதை நிறுத்திவிட்டார். எங்களுக்குள் இதை யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஞாயிறு வந்ததும் என் கணவர் யாரையும் கேட்காமல் லோஹேகாவுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அண்ணன் உள்ளறையில் இருந்தார். அண்ணி கதவுக்குள் தலையை நீட்டி நாங்கள் வந்திருப்பதைச் சொல்லிவிட்டு, வெளியே வந்து என் கணவரை மட்டும் உள்ளே போகச் சொன்னார். என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போனார். தேநீர் போட்டு, இரண்டு கோப்பையையும் கரண்டிகளையும் சர்க்கரையையும் அவரே உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு கரண்டி கோப்பையில் விடாமல் தட்டுவது கேட்டது. பிறகு என் கணவரின் குரல் கேட்டது.

"என்ன மச்சான், ஊரையே எழுப்பிருவீங்க போல? அன்னைக்கு என்னைய மணியடிக்கான்னு சொன்ன வாயா இது?"

அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். இது தவறாகப் போனால் அண்ணன் இனி எங்கள் முகத்திலேயே விழிக்க மாட்டார் என்று நினைத்தேன். அந்நேரம் பார்த்து பக்கத்திலிருக்கும் விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு போர்விமானம் கிளம்பியது. அந்த வீட்டில் அது கடந்துபோகும் வரை எதுவும் கேட்காது. அது போன பிறகு கேட்டது அண்ணனின் குரல்.

"என் கையாவது தானா ஆடுது. நீங்க நல்ல கைய வச்சிக்கிட்டுல்லா அடிச்சீங்க?"

என் கணவர் சிரித்தார். அண்ணனும் சிரித்தார். அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து ஞாயிறு தோறும் இப்படித்தான் நடக்கிறது. அவர்கள் உள்ளே சண்டை போடுவார்கள். நானும் அண்ணியும் சமையலறையில் இருப்போம். கோப்பைகளெல்லாம் வெளியே வந்து, சிந்தியதைத் துடைத்து, அண்ணன் சட்டை மாற்றிக்கொண்ட பிறகு எனக்குக் கதவு திறக்கும். என்னிடம் அவர் என் அலுவலகத்தைப் பற்றிக் கேட்பார். மகளுக்கு வேலை கிடைத்ததா என்று கேட்பார். கைகள் இரண்டும் போர்வைக்குள் இருக்கும்.

என்னை ஏன் சேர்ப்பதில்லை என்று அண்ணனிடம் விசாரிக்கும்படி கணவரிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டார். சொல்லத்தான் தயங்கினார். திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் சொன்னார். "அவ வந்தா என் கையத்தான் பாத்துக்கிட்டு இருப்பா. நீங்க கப்பப் பாப்பீங்க" என்றாராம் அண்ணன்.

அண்ணன் சொன்னது சரிதான். எந்த ஞாயிறு எந்தக் கையால் குடித்தார், எத்தனை முறை தட்டியது என்றெல்லாம் நான்தான் பார்த்து வைத்திருக்கிறேன். என் கண் அப்படிப்பட்டது. அது அண்ணனின் கண்ணும்தான். வாழ்நாள் முழுதும் தேறியதையும் தேறாததையும் பிரித்துவைத்தவருக்கு, எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவள் என்ன பார்க்கிறாள் என்று தெரியாதா?

போன மாதம் என் கணவருக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியவில்லை. நான் மட்டும் பஸ் ஏறி லோஹேகாவ் போனேன். அண்ணி வழக்கம்போல இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றினார். ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளறைக் கதவருகே போய் நின்றேன்.

"அண்ணா, இன்னைக்கு அவங்க வரல. காய்ச்சல். நான் டீ கொண்டுவந்திருக்கேன்."

வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்த ஒன்று இருந்தது. தட்டை வாசலிலிருந்த ஸ்டூலில் வைத்தேன். ஒரு கோப்பையில் சர்க்கரை போட்டு, என் கணவர் கலக்குவதைப் போல வட்டமாக, உரக்கக் கலக்கினேன். எனக்கே அது யாரோ செய்வதைப் போலிருந்தது.

"கேக்குதா அண்ணா? அவங்க சொல்லுததுதான் சரி. இப்படிக் கலக்கினாத்தான் கரையுது."

உள்ளே கட்டில் அசையும் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வருகிறாரோ என்று நினைத்தேன். வரவில்லை.

"உனக்கு வராது பாப்பா." குரல் கனிவாகத்தான் இருந்தது. "காய்ச்சல் விட்டதும் மாப்பிள்ளைய வரச்சொல்லு. டீ இன்னைக்கு வேண்டாம்."

சரி என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் கதவருகே நின்றேன். கதவு பூட்டியிருக்கவில்லை, சாத்தித்தான் இருந்தது. தள்ளினால் திறந்துகொள்ளும்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினேன். அண்ணி ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டார். மற்றதை நான் எடுத்துக்கொண்டேன். வீணாக்க வேண்டாம் என்று இருவரும் நின்றபடியே குடித்தோம்.