மலர்க்கொடிக்கு ஒரு படுக்கை இருக்கை: அரியலூரிலிருந்து மான்செஸ்டர் வரை

விமானத்தில் காசு கொடுக்காமல் மேல்வகுப்பு இருக்கை வாங்குவது எப்படி என்று இந்தப் பக்கத்தில் பலர் கேட்டிருந்தீர்கள். போன புரட்டாசியில் எனக்கு அது கிடைத்தது. கிடைத்த விதத்தைச் சொன்னால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை.

முதலில் போன காரணம். எங்கள் மகளுக்கு மான்செஸ்டரில் பிரசவம், தலைச்சன் பிள்ளை. அம்மா வந்தே ஆகவேண்டும் என்று அழுதாள். அவள் அம்மாவுக்கோ, அதாவது என் மனைவி மலர்க்கொடிக்கு, இடுப்பில் டிஸ்க் நழுவி இரண்டு வருடம் ஆகிறது. பெரம்பலூர் எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு மணி நேரத்துக்கு மேல ஒக்காரக் கூடாதும்மா. ஒக்காந்தா எந்திரிச்சு நடங்க, இல்ல மல்லாந்து படுங்க" என்றார். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கு நாலே கால் மணி நேரம், அங்கே இறங்கி மாறி மான்செஸ்டருக்கு ஏழே முக்கால் மணி நேரம். எங்கே மல்லாந்து படுப்பது?

"நான் இருக்கேன்ல. உனக்குப் படுக்கை சீட்டு வாங்கித் தரேன், அதுவும் ஓசியில" என்று சொல்லிவிட்டேன். பெருமைக்குச் சொன்ன பேச்சுத்தான். பதினேழு வருடம் வளைகுடாவில் ஃபோர்மேனாக இருந்து போன வருடம்தான் விக்கிரமங்கலத்துக்கே வந்து சேர்ந்தவன் நான். கடைசி நாலு வருடம் கம்பெனி என்னை நாடு நாடாக அனுப்பியதில், அந்த விமானக் கம்பெனியின் உறுப்பினர் திட்டத்தில் சில்வர் நிலைக்கு வந்திருந்தேன். எனக்குத் தெரியாத விமானமா என்று ஒரு மிதப்பு.

மூன்று மாதம் படித்தேன். படித்ததில் தேறியது இவ்வளவுதான். சாதாரண வகுப்பில் இருக்கைக்கு மேல் ஆள் சேர்ந்துவிட்டால்தான் சிலரை மேலே தூக்குவார்கள். அதற்கு உறுப்பினர் எண் முக்கியம், தனியாகப் போகிறவருக்கு வாய்ப்பு அதிகம், சுத்தமாக உடுத்தியிருக்க வேண்டும், சிறப்பு உணவு கேட்டிருக்கக் கூடாது. கடைசியில் சொன்ன இரண்டையும் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மலர் புரட்டாசி சனிக்கிழமை கவிச்சி தொடமாட்டாள், கல்லங்குறிச்சி பெருமாளுக்கு நேர்ந்துகொண்ட விரதம். நாங்கள் பறந்தது சனிக்கிழமை. நான் அவளுக்குப் பதிந்திருந்த சைவச் சாப்பாட்டை அவளிடம் சொல்லாமலே நீக்கிவிட்டேன்.

உடுப்பு விஷயத்தில் அவள் மசியவில்லை. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொள் என்றேன். "எதுக்கு? ஏரோப்ளேன்ல என்னைய பொண்ணு பாக்கவா வராங்க?" என்று சொல்லி நூல் சேலையையே கட்டினாள். நான் மட்டும் கோட்டு, புது ஷூ சகிதம் வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு வாடகைக் காரில் ஏறினேன். விக்கிரமங்கலத்திலிருந்து அரியலூர் ஸ்டேஷனுக்கு 700 ரூபாய். பஸ்ஸில் போனால் ஆளுக்கு முப்பதுக்குள் முடியும், ஆனால் அவள் இடுப்புக்கு அந்த ரோடு ஆகாது.

காரோட்டி கோட்டைப் பார்த்துவிட்டு, "என்ன சார், வேல கீல கெடச்சிருச்சா?" என்றார்.

மலர் முந்திக்கொண்டு, "ஓசி சீட்டு வாங்கப் போறாரு தம்பி" என்றாள். அவர் அரியலூர் வரை சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

அரியலூரிலிருந்து தாம்பரம் வரை ரயில்தான் நல்லது. ஏறக்குறைய 245 கிலோமீட்டர், நாலு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும். ஏ.சி. சேர் கார் ஆளுக்கு 440 ரூபாய் ஆனது. விருத்தாசலம் தாண்டியதும் அவள் எழுந்து கதவுப் பக்கம் நின்றாள், விழுப்புரம் வரை நின்றபடியே வந்தாள். தாம்பரத்தில் மின்சார ரயில் மாறித் திரிசூலம், ஐந்து ரூபாய் டிக்கெட், எதிரே விமான நிலையம். சிறு லாட்ஜில் 1,400 ரூபாய்க்கு அறை எடுத்து அவளைப் படுக்க வைத்தேன்.

சனிக்கிழமை காலை 9.45 விமானத்துக்கு ஆறரைக்கே கவுண்டரில் நின்றேன். இருக்கும் இங்கிலீஷையெல்லாம் திரட்டி, மனைவிக்கு முதுகுவலி, இடம் இருந்தால் உதவுங்கள் என்று கேட்டேன். அந்தப் பெண் தன்மையாகச் சிரித்து, "இன்னிக்கு ஃபுல் சார்" என்றாள். நாலே கால் மணி நேரத்தில் மலர் ஆறு முறை எழுந்து நடந்தாள். சாப்பாடு வந்தது, இரண்டு தட்டிலும் கோழி. தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சைவம் தீர்ந்துவிட்டது என்று பணிப்பெண் வருத்தம் சொல்லிப் போனதும், பன்னையும் பழத்தையும் தின்றுவிட்டு, "சொன்னீங்கள்ல, எனக்குன்னு சைவம் எழுதியிருக்குன்னு?" என்றாள். கம்ப்யூட்டர் தப்பு என்று பொய் சொன்னேன்.

வளைகுடாவில் மதியம் பன்னிரண்டரைக்கு இறங்கினோம். அடுத்த விமானம் 2.40. விமானம் ஏறும் வாசலில் அவள் போர்டிங் அட்டைக்குப் பச்சை விளக்கு, என் அட்டைக்கு 'டொய்ங்' என்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. அங்கே நின்றவர் என் அட்டையைக் கிழித்துப் புதிதாக ஒன்று அச்சடித்து நீட்டினார். "கங்கிராஜுலேஷன்ஸ், மிஸ்டர் சிங்காரம்." சிங்காரம் என் அப்பா. பாஸ்போர்ட்டில் நான் கலியபெருமாள் சிங்காரம்.

மேல்வகுப்பு, படுக்கை இருக்கை. ஒன்றே ஒன்று, என் பெயருக்கு.

"என் மனைவிக்குக் கொடுங்கள், நான் அவள் இடத்தில் உட்காருகிறேன்" என்றேன். முடியாது என்று தலையாட்டிவிட்டார். சில்வர் உறுப்பினர் நான்தான், அவள் பெயரில் உறுப்பினர் எண்ணே இல்லை, என் பழைய இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்தாயிற்று என்றார். அவளுக்கும் ஒரு எண் போட இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். மூன்று மாதம் ராப்பகலாகப் படித்த எனக்கு அது தோன்றவில்லை. வீட்டில் கரண்ட் பில்லிலிருந்து நிலத்துப் பட்டா வரை என் பெயர், இதிலும் என் பெயர், அவ்வளவுதான் என் புத்தி.

"போங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள் மலர். "நம்ம ரெண்டு பேருல ஒருத்தராவது படுத்துட்டுப் போவட்டும்."

நான் போனேன். அவளை 31-ஆம் வரிசைக்கு அனுப்பிவிட்டுத் திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். சூடான துண்டு கொடுத்தார்கள், பழச்சாறு கொடுத்தார்கள். பட்டனை அழுத்தினால் இருக்கை மெல்ல நீண்டு கட்டிலாகிறது. சட்டென்று நிமிர்த்திவிட்டேன். எனக்குப் பழைய கணக்கு ஒன்று ஓட ஆரம்பித்தது. நான் ஊர் ஊராகப் பறந்து உறுப்பினர் கணக்கில் புள்ளி ஏற்றிய அந்த வருடங்களில்தான் அவள் மூன்று ஏக்கர் மக்காச்சோளத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்தாள். கூலிக்கு ஆள் கிடைக்காத அறுப்பில் மூட்டையை அவளே முதுகில் ஏற்றி வண்டிக்குச் சுமந்தாள். அப்படித்தான் டிஸ்க் போனது. அந்தக் கட்டிலில் என்னால் முதுகைச் சாய்க்கக்கூட முடியவில்லை, அத்தனை கூச்சமாக இருந்தது.

சாப்பாடு முடிந்ததும் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, மனைவியின் முதுகைச் சொல்லி, நாங்கள் இடம் மாறிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவள் தன் தலைவியை அழைத்து வந்தாள், நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மா. கேட்டுக்கொண்டு பின்னால் போனார். போனவர் கண்ணில், கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற மலர்தான் முதலில் பட்டிருக்கிறாள். திரும்பி வந்து, "பொதுவாக நாங்கள் அனுமதிப்பதில்லை. இறங்கும் வரை மாறிக்கொள்ளுங்கள்" என்றார். விமானம் கிளம்பி ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

ஓடிப்போய்ச் சொன்னால் மலர் வரமாட்டேன் என்கிறாள். "உங்க பேருக்குக் குடுத்த எடம். நான் போயி படுத்தா யாராச்சும் எழுப்பி வுட்டா அசிங்கங்க."

"இது என் பேருல இருக்கலாம் மலரு. ஆனா உன் முதுகு சொமந்ததுக்கு வந்த சீட்டு. நான் அங்க ஒக்காந்தா எனக்கு உடம்பு கூசுது. தயவு செஞ்சு போ."

கல்யாணமாகி முப்பத்தோரு வருடத்தில் அவளிடம் தயவுசெய்து என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்கே ஆச்சரியம், எழுந்து போனாள். நான் 31-C-யில் உட்கார்ந்தேன். ஐந்தாவது நிமிடமே முட்டி முன்சீட்டில் இடித்தது. இதில்தான் அவள் அவ்வளவு நேரம் இருந்தாள்.

மான்செஸ்டரில் இரவு ஏழரைக்கு இறங்கினோம். விமான வாசலில் எனக்காகக் காத்திருந்தாள், முகம் கழுவிவிட்ட மாதிரி தெளிவாக இருந்தது. "அஞ்சு மணி நேரம் அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேங்க" என்றாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு வரப்ப எல்லாம் மிஸஸ் சிங்காரம், மிஸஸ் சிங்காரம்னுது. என்னைய உங்கப்பாவுக்குக் கட்டி வெச்சுட்டாளுவ!"

குடியேற்ற வரிசை முழுக்கச் சிரித்தோம். முன்னால் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பேத்தி பிறந்து மூன்றாவது வாரம், மகள் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து மலர் பெயரில் உறுப்பினர் கணக்கு ஒன்று திறந்தேன். அவள் குழந்தைத் துணிகளை மடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"இதுல எனக்கு எவ்வளவு புள்ளி இருக்கு?"

"பூஜ்யம். இப்பதான திறந்திருக்கு."

"ஒங்களுக்கு?"

சொன்னேன். காலாவதியானது போக மிச்சமே பெரிய எண்ணிக்கைதான்.

"அத வெச்சு என்ன கெடைக்கும்?"

"இங்கேருந்து வளைகுடா வரைக்கும் ஒரு படுக்கை சீட்டு. ஒருத்தருக்கு. யாரு பேருக்கு வேணும்னாலும் போடலாம்."

அவள் கை நின்றது. "வரும்போதே இருந்துச்சா?"

இருந்தது. அதைத்தான் இவ்வளவு நேரம் உங்களிடமும் சொல்லாமல் வந்தேன். ஒரு பட்டனைத் தட்டியிருந்தால் மான்செஸ்டர் வரும்போதே அவளுக்குப் படுக்கை உறுதி. ஓசியில் கிடைக்கப்போவதற்குப் புள்ளியை ஏன் கரைப்பது என்று பத்திரமாக வைத்திருந்தேன். ஊரில் போய் ஓசியில் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்பார்களே, அந்தக் கழுதை நான்தான். சைவச் சாப்பாட்டை நீக்கியதையும் அந்த மேசையிலேயே சொல்லிவிட்டேன்.

மலர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மடித்த துணியைப் பிரித்து இன்னொரு தடவை மடித்தாள். அப்புறம், "சோறு ஆறுது, வாங்க" என்றாள்.

இனி உங்களுக்கான யோசனை. உடல் உபாதை உள்ளவரோடு போகும்போது இலவச இருக்கையை நம்பிக் கிளம்பாதீர்கள், அது லாட்டரிச் சீட்டு. புள்ளி இருந்தால் டிக்கெட் போட்ட அன்றே அவருக்குச் செலவழித்துவிடுங்கள். வீட்டில் பாஸ்போர்ட் உள்ள ஒவ்வொருவர் பெயரிலும் உறுப்பினர் எண் திறந்து வையுங்கள், காசு கிடையாது. சிறப்பு உணவை நீக்கினால் மேலே தூக்குவார்கள் என்பதையெல்லாம் நம்பி அடுத்தவர் வயிற்றில் அடிக்காதீர்கள். நடைபாதை ஓர இருக்கையும் சக்கர நாற்காலியும் இரண்டு நாள் முன்பே கேட்டால் கொடுப்பார்கள். சக்கர நாற்காலி இலவசம். கோட்டு தேவையே இல்லை, எனக்கு வேர்த்ததுதான் மிச்சம். இருக்கை மாற வேண்டுமென்றால் மறைக்காமல் விமானத்தில் தலைமைப் பணியாளரிடம் கேளுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

ஆறு வாரம் கழித்துத் திரும்பினோம். இருந்த புள்ளியைத் துடைத்து வழித்து அவளுக்குப் போட்டேன், சைவச் சாப்பாட்டையும் சேர்த்து. விமானத்தில் ஏறியதும் பணிப்பெண் பட்டியலைப் பார்த்து, "வெல்கம், மிஸஸ் கலியபெருமாள்" என்றாள்.

மலர் அந்தப் பெண்ணிடம் தமிழிலேயே சொன்னாள்: "மலர்க்கொடின்னு கூப்புடும்மா. இது என் சீட்டு." அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டே, "மா-லர்-கோடி" என்று தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மலர் திரும்பி என்னைப் பார்த்து, பின்பக்கம் போகும்படி கையைக் காட்டினாள். நான் 38-ஆம் வரிசையில், இரண்டு பேருக்கு நடுவில் போய் உட்கார்ந்து, முட்டி இடிக்க இடிக்க நன்றாகத் தூங்கினேன்.