கண்ணாடிக்குள் ஒரு கோடு

பழத்தில் சர்க்கரை பார்க்கும் அந்த மீட்டர் இன்னும் என் மேசையில் இருக்கிறது. சாண் நீளக் குழாய். ஒரு முனையில் ஒரு சொட்டுப் பழச்சாறு விட்டு, மறுமுனையில் கண்ணை வைத்து வெளிச்சத்தைப் பார்த்தால் மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவே ஒரு கோடு. கோடு ஏறினால் இனிப்பு அதிகம். ஒயின் ஆலையில் பழக் கொள்முதல் பார்த்த எனக்கு அந்தக் கோடுதான் வேதவாக்கு.

ராயப்பன்பட்டியில் பெரியம்மாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சை. வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் கொண்டுவந்த கொடியின் வழி வந்தது என்று ஊரில் பெருமையடிப்பார்கள். மாதா கோயில் பூசைக்கு வேண்டிய திராட்சை ரசத்துக்குக் கொஞ்சம் போக, மிச்சமெல்லாம் தின்பதற்கென்று கேரளாவுக்கு லாரியேறும். பழ வியாபாரி பார்ப்பது எடை. ஆகவே வெட்டுக்கு முதல் நாள் பந்தலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது எங்கள் பக்கத்து வழக்கம். குலை தளதளவென்று நிற்கும். ஆலைக்கு முதல் தடவை கொடுத்தபோதும் பெரியம்மா அப்படியே பாய்ச்சிவிட்டார். சாறு நீர்த்துப்போய்க் கோடு கீழே நின்றது. வண்டியைத் திருப்பி அனுப்பினேன். வேலைக்கு அது நியாயம்தான்.

"நாக்குல வச்சா இனிக்குதேத்தா," என்றார். பிறகு, "அடுத்த போகமும் திரும்புச்சுன்னா கொடிய வெட்டிட்டு வாழை வச்சுருவேன்," என்றார்.

அடுத்த போகத்தில் நான் சொன்னபடி பத்து நாள் முன்னதாகவே தண்ணீரை நிறுத்தினார். இலை வாடுவதைக் காணப் பொறுக்காமல் தோட்டத்துப் பக்கமே போகவில்லையாம். வெட்ட இரண்டு நாள் இருக்கும்போது காலம் தப்பிய மழை கொட்டித் தீர்த்தது. பழம் வெடித்தது, கோடு மறுபடி இறங்கியது, வண்டியும் மறுபடி திரும்பியது. "வாய்க்கால நான் அடைச்சுட்டேன். மேல இருந்து விட்டா யாரு அடைக்கிறது?" என்று கேட்டார். வருடம் முழுக்கக் கொடி காய்ப்பது எங்கள் பள்ளத்தாக்கின் வரம் என்று ஆலையில் சொல்வார்கள். இப்போது எந்த மாதத்திலும் மழை வருகிறது. நல்ல ஒயினுக்கு வேண்டிய காய்ந்த நாட்களை இனி எந்த மாதத்தில் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியம்மா சொன்னபடியே வாழை வைத்துவிட்டார். கிணற்றடியில் ஒரே ஒரு கொடியை மட்டும் கோயிலுக்கென்று விட்டிருக்கிறார். போன மாதம் மீட்டரோடு போயிருந்தேன். அதை அவர் கையில் நான் கொடுத்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு பழத்தைப் பிழிந்து, எப்படிப் பார்ப்பதென்று சொல்லிக் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தார். கோடு நன்றாகவே ஏறியிருந்தது.

"இந்தக் கோட்டுக்காகத்தானா கொடிய பத்து நாளு தாகத்துல போட்டோம்?" என்றார்.

மீட்டரை வாங்கித் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.